பிரதிவாதியிடம் படித்த சட்டம்

எங்கள் வழக்குக்கு மூல காரணம் வாரத்துக்கு ஏழு நாள் இருப்பதுதான். வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கள் நிலத்துக்கும் அடுத்த நிலத்துக்கும் நடுவே ஒரு கிணறு. இரண்டு நிலத்துக்கும் அதில் சரிபாதி பாத்தியம். திங்கள், செவ்வாய், புதன் நாங்கள் மாடு பூட்டி இறைத்துக்கொள்வோம். வியாழன், வெள்ளி, சனி பக்கத்து நிலத்துக்காரர் இறைத்துக்கொள்வார். மிச்சம் இருப்பது ஞாயிறு. அன்றைக்கு யார் முதலில் மாட்டை ஓட்டி வருகிறாரோ அவருக்குத் தண்ணீர் என்று ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு வீடும் போட்டி போட்டு முன்னால் எழுந்து எழுந்து, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை என்பது சனிக்கிழமை மாலையே தொடங்கிவிட்டது. ஒருநாள் இரண்டு ஜோடி மாடுகளும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. மாடுகள் சும்மா நின்றன. மனிதர்கள் அடித்துக்கொண்டார்கள்.

ஒரு வாரம் நமக்கு, மறு வாரம் அவர்களுக்கு என்று வைத்துக்கொண்டால் என்ன என்று நான் கேட்டேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்படியெல்லாம் சட்டத்தில் இடமில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அவருக்குச் சட்டம் தெரியாது என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

வழக்கு கிருஷ்ணகிரி முனிசீப் கோர்ட்டுக்குப் போனது. தீர்ப்பு வரும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் இரு தரப்பும் தண்ணீர் இறைக்கக் கூடாது என்று கோர்ட் தடை போட்டது. இதனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் இல்லை என்றாயிற்று. இரண்டு பேரும் ஒருவகையில் திருப்தியாகத்தான் இருந்தார்கள். தனக்குக் கிடைக்காதது மற்றவனுக்கும் கிடைக்கவில்லை என்பது எங்கள் பக்கத்தில் பாதி வெற்றி.

வாய்தா நாட்களில் அப்பாவும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். இருந்ததே ஒரு பஸ். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒருவர் வர நேரமானால் மற்றவர் கண்டக்டரிடம் சொல்லி வண்டியை நிறுத்தி வைப்பார். எதிரி வராமல் கேஸ் நடக்காது என்பது இருவருக்கும் அனுபவத்தில் தெரிந்திருந்தது.

அப்பாவுக்குக் கோர்ட்டில் ஒரே ஒரு குறை. எங்கள் வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் முனிசீப் முன்னால் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அதிலும் ஒருநாள் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கள் கிணற்றைப் பற்றியதா, வேறு ஏதாவதா என்று அப்பாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, வீட்டில் ஒருவருக்காவது சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று அறிவித்தார்.

என் அண்ணன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அவனுக்கு மாடு தெரியும். மிச்சம் நான்தான்.

இதை நான் வெறும் வேடிக்கையாகச் சொல்ல முடியாது. அந்த வருஷம்தான் நான் வயதுக்கு வந்திருந்தேன். மஞ்சள் நீராட்டுக்கு வந்த உறவு முழுக்க, இனிமேல் பெண்ணை பஸ்ஸில் ஏற்றிக் கிருஷ்ணகிரிக்கு அனுப்புவது நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தது. பாரூரில் ஏரிப் பாசனத்தோடு நெல்வயல் வைத்திருந்த ஒரு வீட்டில் பையன் இருப்பதாகவும் பேச்சு வந்தது. ஏரித் தண்ணீர் என்றதும் அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கிணற்றுக்காக அடித்துக்கொள்ளும் மனிதனுக்கு ஏரி என்ன மாதிரி இருந்திருக்கும்! பள்ளிக்கூடம் நின்றுவிடும் என்று நான் முடிவு செய்து, அடுப்பங்கரையில் யாரும் பார்க்காதபோது அழுதும் முடித்திருந்தேன். அந்த நேரத்தில்தான் வக்கீல்கள் சிரித்தார்கள்.

கேஸ் முடிகிற வரைக்கும் இவள் படிக்கட்டும் என்றார் அப்பா. கேஸ் முடிந்ததும் பாரூர். ஜில்லாவிலேயே வாய்தா தள்ளிப்போனால் சந்தோஷப்படுகிற ஒரே ஜீவன் நான்தான் என்று ஆனது அப்படித்தான்.

பள்ளியில் சட்டம் சொல்லித் தரமாட்டார்கள் என்பது விசாரித்ததில் தெரிந்தது. ஆகவே தனியாக ஆள் வைக்க வேண்டும். அப்பா முதலில் எங்கள் வக்கீலிடமே கேட்டார். சட்டம் படிக்க முதலில் பி.ஏ. முடிக்க வேண்டும், பிறகு மெட்ராஸுக்குப் போக வேண்டும் என்று வக்கீல் பொறுமையாகச் சொன்னார். அவ்வளவு வேண்டாம், எங்கள் கேஸுக்கு வேண்டிய அளவு போதும் என்றார் அப்பா, அரைப்படி கடலை கேட்பது போல. அவ்வளவு தெரிந்த குமாஸ்தாதான் தன்னிடம் இருக்கிறானே, அவனே போதும் என்று வக்கீல் முடித்துவிட்டார்.

அடுத்தது என் சரித்திர வாத்தியார். குடிமைப் பாடமும் அவர்தான் நடத்துவார். பள்ளி விட்டதும் என்னை உட்கார வைத்து ஜனாதிபதியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று விளக்கினார். வீட்டில் வந்து ஒப்பித்தேன். ஜனாதிபதிக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்டார். மறுநாள் வாத்தியாரிடம் அதையே கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, நேரடியாக இல்லை என்றார். அத்தோடு அந்தப் பாடம் நின்றது.

சப்ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் ஒப்புக்கொண்டார். அவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தார். அது ஒரு பக்கத்துக்கு நீண்டது, நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. அதை மூச்சு விடாமல் சொல்லப் பழகினால் யார் நிலத்தை வேண்டுமானாலும் கிரயம் செய்துவிடலாம். நாங்கள் எதையும் விற்பதாக இல்லை என்பதால் அவரும் உதவவில்லை. கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பிடித்தோம். ஜப்தி செய்யப் போகும்போது முதலில் மாட்டைக் கணக்கெடுக்க வேண்டும், பாத்திரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் பாடம். அதற்கு முன்னும் பின்னும் சட்டத்தில் எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

ஆனால் வாசல்வரை வந்து வழியனுப்பிய வக்கீலின் குமாஸ்தா, பத்திரம் எழுதுகிறவர், அமீனா ஆகிய மூன்று பேருமே நாங்கள் விடைபெறும்போது ஒரே ஆளைச் சொன்னார்கள். சட்டம் தெரிந்த மனிதர் உங்கள் கிணற்றுக்கு அந்தப் பக்கமே இருக்கிறாரே, இங்கே எதற்கு அலைகிறீர்கள் என்றார்கள்.

அவர்கள் சொன்னது பிரதிவாதியை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கு. கிருஷ்ணகிரி கோர்ட்டில் தமிழில் சாட்சி சொல்வார், ஓசூர் கோர்ட்டில் கன்னடத்தில் சொல்வார். அண்ணன் தம்பி, சம்பந்தி, கோயில் தர்மகர்த்தா, பஞ்சாயத்து என்று அவர் வழக்குப் போடாத ஆள் அந்த வட்டாரத்தில் குறைவு. மிஞ்சியவர்கள் தங்களை ஏன் விட்டுவைத்தார் என்று சற்று வருத்தத்தில் இருந்தார்கள். மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை விட்டால் அவருக்கு உடம்புக்கு வந்துவிடும், திறந்ததும் சரியாகிவிடும். எங்கள் அம்மா அவரை அண்ணா என்பாள், அதனால் எனக்கு அவர் மாமா. வழக்கு வந்த பிறகும் இந்த முறையை யாரும் மாற்றவில்லை.

அப்பா சில வாரங்கள் கொதித்தார். பிறகு அவருக்கே உரிய முறையில் யோசித்தார். அந்த ஆள் தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் அவன் பயப்படுவது எது என்று தெரிந்துபோகும். சரியாகச் சொல்லிக் கொடுத்தால் லாபம். எந்தப் பக்கம் விழுந்தாலும் நமக்கு நல்லது. இப்படி யோசிக்கத் தெரிந்தவருக்கு ஒன்று விட்டு ஒன்று ஞாயிறு ஏன் தோன்றவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பேச்சுவார்த்தை அடுத்த வாய்தா பஸ்ஸில் நடந்தது. நானும் பள்ளிக்குப் போக அதே பஸ்ஸில் இருந்தேன். அப்பா கண்டக்டரிடம், “எம்பொண்ணுக்குச் சட்டம் சொல்லித் தர ஆளு தேடறேன்னு யாராச்சும் கேட்டா சொல்லுப்பா” என்றார். கண்டக்டர் சீட்டுக் கிழித்துக்கொண்டே வந்தார். பின்னால் இரண்டு வரிசை தள்ளி மாமா அதே கண்டக்டரிடம், “ஞாயித்துக்கிழமையில நான் சும்மாதான் கெடக்கிறேன். கோர்ட்டு புண்ணியம். யாராச்சும் கேட்டா சொல்லு” என்றார். கண்டக்டர் இரண்டு பேரிடமும் சரி என்றார். காரியம் முடிந்துவிட்டது.

மாமாவின் இரண்டு நிபந்தனைகள் மட்டும் கண்டக்டர் வழியாகவே வந்தன. எதிர்த்தரப்பிடம் கைநீட்டிச் சம்பளம் வாங்கினால் நாளைக்குக் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டி வரும், அதனால் சம்பளம் வேண்டாம். நம் கேஸைத் தவிர எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம்.

வகுப்பு கிணற்று மேட்டில் நடந்தது. தடை உத்தரவினால் ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் வரமாட்டார்கள். எங்கள் பக்கத்துக் கல்லில் நான், அவர் பக்கத்துக் கல்லில் அவர். நடுவில் தண்ணீர் யாருக்கும் இல்லாமல் கிடந்தது. அண்ணன் கொஞ்ச தூரத்தில் மாடு மேய்க்கிற சாக்கில் காவலுக்கு நிற்பான்.

மாமாவிடம் புத்தகம் எதுவும் கிடையாது. முதல் நாள், தெலுங்கில் பெண்பிள்ளையை அழைப்பதுபோல், “அம்மாயி, காலையில என்ன சாப்ட்ட?” என்று கேட்டார். களி என்றேன்.

“யாரு கிண்டினது?”

“எங்கம்மா.”

“நீ பாத்தியா?”

நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அப்படியானால் அம்மா கிண்டியது எப்படித் தெரியும் என்றார். வேறு யார் கிண்டுவார்கள் என்றேன். அது அனுமானம், சாட்சி இல்லை என்றார். எங்கள் வீட்டில் களி கிண்டியது யார் என்பதை அன்று முழுக்க என்னால் நிரூபிக்க முடியவில்லை. கோபமாக வீட்டுக்கு வந்தேன். மறுநாள் விடியுமுன் எழுந்து போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, அம்மா கிண்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுத்தேன். எதற்கு இப்படி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று அம்மா கேட்டாள். சாட்சிக்கு என்றேன்.

இப்படித்தான் படித்தேன். மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது. ஒருவன் சொன்னதாக இன்னொருவன் சொல்வது செல்லாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், கேட்காததைச் சொல்கிறவன் தோற்பான். வாய்தா கேட்க உடம்பு சரியில்லை என்பது பழைய காரணம், சாட்சி வெளியூர் போயிருக்கிறான் என்பது நல்ல காரணம். கடைசியாகச் சொன்னதை நான் இரண்டு முறை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். மாமா நல்ல வாத்தியார் என்று சொல்ல மாட்டேன். தான் ஜெயித்த கேஸ்களை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார், தோற்றவற்றில் ஜட்ஜ் சரியில்லை. ஆனால் ஒரு பெண்பிள்ளையிடம் பேசுகிறோம் என்று எதையும் சுலபமாக்கிச் சொன்னது கிடையாது. அதற்காக அவர் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. வெளியில் சொல்லவில்லை, எதிர்க்கட்சி அல்லவா.

நான்காம் பாரத்திலிருந்து ஐந்தாம் பாரம் போனேன். கேஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு ஞாயிறு, வாதி என்றால் யார், பிரதிவாதி என்றால் யார் என்று பாடம். உதாரணம் சொல் என்றார். எங்கள் கேஸில் அப்பா வாதி, நீங்கள் பிரதிவாதி என்றேன். சிரித்தார். தன் நிபந்தனையைத் தானே மீறினார்.

“உங்கப்பன் வாதியா? இந்த நெலத்துல உங்கப்பன் பேரு எங்க இருக்குது? இது உங்கம்மாவுக்கு அவ அண்ணந்தம்பிங்க குடுத்த மஞ்சக்காணி. கேஸு உங்கம்மாது. உங்கப்பன் தொணைக்கு வர்ற ஆளு.”

இதில் ரகசியம் எதுவுமில்லை. கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்த நிலம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டு என்று யாரும் நினைத்ததில்லை. அப்பா உழுதார், அப்பா சண்டை போட்டார், அப்பா பஸ் ஏறினார். அம்மா தொடக்கத்தில் ஒருமுறை வக்கீல் வீட்டுக்குப் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள். அந்தப் பயணத்தில் அவளுக்கு நினைவிருந்தது கிருஷ்ணகிரி வெயில் மட்டும்தான்.

அன்று வீட்டுக்கு வந்து, நீதான் வாதி என்று அம்மாவிடம் சொன்னேன். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். வாதின்னா என்ன பண்ணுவாங்க என்று கேட்டாள். கேஸ் அவர்களுடையது, வேண்டும் என்றால் நடத்தலாம், போதும் என்றால் விடலாம் என்றேன். வாதியைக் கேட்காமல் வேறு யாரும் முடிக்க முடியாதா என்றாள். முடிக்கக் கூடாது என்றேன். சரி, அந்த முறத்தை எடு என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அந்த வருஷக் கடைசியில் புது முனிசீப் வந்தார். சின்ன வயது. எங்கள் வழக்குக் காகிதக் கட்டைப் படித்துவிட்டு, ஒரு ஞாயிறு இவர்களுக்கு, மறு ஞாயிறு அவர்களுக்கு என்று பிரித்துக்கொண்டால் என்ன என்று திறந்த கோர்ட்டில் கேட்டார். அதையே நான் சொன்னபோது சட்டத்தில் இடமில்லாமல் இருந்தது. முனிசீப் சொன்னதும் அப்பாவுக்கு அது மகா நியாயமாகப் பட்டது. மாமாவுக்கும் ஓசூரில் பெரிய கேஸ் ஒன்று சூடு பிடித்திருந்ததால் இதில் மனம் இல்லை. ராஜியாகப் போவதாக இரண்டு வக்கீல்களும் ஒப்புக்கொண்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவும் மாமாவும் கண்டக்டர் இல்லாமலே பேசிக்கொண்டார்கள்.

அப்பா வீட்டுக்குள் வரும்போதே பாரூர் என்று சொல்லிக்கொண்டு வந்தார். தை பிறந்ததும் பெண் பார்க்க வரச்சொல்லிவிடலாம். எஸ்.எஸ்.எல்.சி.க்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அப்பா மேல், முனிசீப் மேல், தண்ணீர் மேல். மாமா மேல்தான் அதிகம். மனிதர் எல்லாக் கேஸையும் இழுத்தடித்துவிட்டு என் விஷயத்தில் மட்டும் நியாயவானாகிவிட்டாரே என்று பொருமினேன். அடுத்த ஞாயிறு கிணற்று மேட்டுக்குப் போகவில்லை.

ராஜி மனுவில் வாதி கைநாட்டு வைக்க வேண்டும் என்று வக்கீல் சொல்லி அனுப்பினார். நல்ல புடவை கட்டிக்கொண்டு அம்மா பஸ் ஏறினாள். என்னையும் அழைத்துப் போனார்கள். படித்த பெண் கூட இருந்தால் கௌரவம் என்று அப்பா நினைத்தார். வக்கீல் ஆபீஸில் மாமா முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா மனுவைத் தமிழில் சொல்லி முடித்து, மை டப்பாவைத் திறந்து அம்மா முன்னால் வைத்தார்.

அம்மா வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். “இது எங்கேஸுதானுங்களே?” என்று வக்கீலைக் கேட்டாள். வக்கீல் ஆமாம் என்றார்.

“அப்ப இப்ப வெக்கலீங்க. இவ எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கட்டும். அப்பறம் வெக்கறேன்.”

அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார். வீட்டுக்கு வா பேசிக்கொள்ளலாம் என்றார். வீட்டிலும் இதைத்தான் சொல்வேன் என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. முந்தானைக்குள் அவள் பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்திருந்ததைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். வக்கீல் ஏதோ சட்டம் சொல்ல வாயெடுத்தார். பெஞ்சிலிருந்து மாமா, “வாதி சொல்லிட்டாங்க. இனி பேச என்னா இருக்குது? வாய்தா கேளுங்க” என்றார்.

அப்புறம் நடந்தது எங்கள் வட்டாரத்தில் அதற்கு முன் நடந்திருக்காது. சண்டையே இல்லாத ஒரு கேஸ் ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீரை இரண்டு வீடும் முறை வைத்து இறைத்துக்கொண்டன. அது தடை உத்தரவுக்கு விரோதம்தான், ஆனால் புகார் கொடுக்க வேண்டிய இருவரும் பேசி வைத்துக்கொண்டுதான் இறைத்தார்கள். வாய்தாவுக்கு வாய்தா மாமாவின் சாட்சி வெளியூர் போனான். அப்பா பல மாதம் அம்மாவோடு பேசவில்லை. சோறு வேண்டும் என்றால் என்னிடம் சொல்வார், நான் அம்மாவிடம் சொல்வேன். பாரூர்க்காரர்கள் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பான ஆறாம் பாரம் படித்தேன். ஞாயிறுகளில் இறைத்து முடிந்ததும் மறுபடி கிணற்று மேட்டுக்குப் போனேன்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்ததும் அப்பா அம்மாவிடம் நேரடியாகப் பேசினார். நீ சொன்னபடி அவள் முடித்துவிட்டாள், இனி உன் வார்த்தையைக் காப்பாற்று என்றார். அம்மா மறுக்கவில்லை. மறுபடி நல்ல புடவை, மறுபடி பஸ், மறுபடி அதே பெஞ்சில் மாமா.

குமாஸ்தா இந்த முறை காத்திருக்கவில்லை. அம்மாவின் பெருவிரலைத் தானே பிடித்து மையில் அழுத்தினார். அப்பா மனுவை நேராகத் திருப்பி வைத்தார். விரல் காகிதத்துக்கு மேலே வந்தபோது அம்மா கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“இதுக்கு மேல படிப்பு இருக்குதா?”

“இருக்குதும்மா.”

“எங்க?”

“பெங்களூர்ல காலேஜு இருக்குது. மெட்ராஸ்லயும் இருக்குது.”

“அதுக்கு மேல?”

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. வக்கீலுக்குப் படிப்பது என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் மேலே சில வருஷம் என்றேன்.

அம்மா குமாஸ்தாவின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். பெருவிரல் மையைத் தலைமுடியில் நிதானமாகத் துடைத்தாள், இரண்டு தரம். “அப்ப இருக்கட்டும்” என்றாள்.

அப்பா கைநாட்டு விழாத அந்த மனுவைக் கையில் எடுத்தார். பிறகு அதை மடித்துக் குமாஸ்தாவிடம் கொடுத்து, அடுத்த வாய்தா எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.